முடிச்சை அவிழ்க்காதவள்

என் அம்மா வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் பீரோ சாவியை என்னிடம் தரமாட்டாள். பின்பக்கம் மூன்றாம் நம்பர் ரூமில் குடியிருந்தவளிடம் கொடுத்துவிட்டுப் போவாள். பெற்ற மகள் நான் குத்துக்கல் மாதிரி வீட்டிலேயே இருப்பேன். கேட்டால், "உன்னாண்ட குட்த்தா ஒவ்வொரு பொடவையா பிரிச்சிப் பாத்து வப்பே. அந்தப் பொண்ணாண்டன்னா சாவி சாவியாவே இருக்கும்" என்பாள். அவள் சொன்னது உண்மை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

மண்ணூர்ப் பக்கம் எங்கள் நிலம் கம்பெனிக்குப் போனதும், வந்த பணத்தில் அப்பா வரிசையாக ஆறு ரூம் கட்டினார். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் தெற்கத்திப் பிள்ளைகள் அதில் வாடகைக்கு இருந்தார்கள். அவள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். நானும் அவளும் ஒரே செல்போன் கம்பெனி, ஒரே லைன், ஒரே கம்பெனி பஸ். என்னைவிட ஒரு வயது மூத்தவள். லைனில் எல்லாப் பெண்களும் அவளை அக்கா என்பார்கள். எனக்கு மட்டும் அந்த வார்த்தை வாயில் வரவே இல்லை.

பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. நல்ல உயரம், எண்ணெய் வழியும் சடை, முன்பல் ஒன்று லேசாக உடைந்திருக்கும். அடுத்தவர் ரூமுக்குள் வந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். உட்காரச் சொன்னால்தான் உட்காருவாள். கட்டிலில் என் செல்போன் திறந்து கிடந்தால் கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். "என்னமோ கோயிலுக்குள்ள வந்தாப்பல நிக்கிறியே" என்று கிண்டல் செய்வேன். "உன் ரூமுல்லா" என்பாள். அதோடு சரி.

தெற்கேயிருந்து பிள்ளைகளுக்கு அம்மாக்கள் ஆம்னி பஸ்ஸில் பார்சல் போடுவார்கள். போய் வாங்கிவரும் வேலை எப்போதும் அவளுக்கு. ஒரு முறை யாருக்கோ வந்த அட்டைப்பெட்டி ஓரத்தில் கிழிந்து, நெய் வாசம் பஸ் முழுக்க அடித்தது. அவள் அந்தக் கிழிசலின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள். "ஒண்ணு எடுத்தா யாருக்குத் தெரியப் போவுது? சும்மா இன்னா இருக்குன்னாச்சும் பாரேன்" என்றேன். "ஏட்டி, இது நமக்கு வந்ததா?" என்று கேட்டாள். அன்று இறங்கும்வரை அவளோடு நான் பேசவில்லை.

அவள் அப்படி நடிக்கிறாள் என்றுதான் வெகுநாள் நினைத்தேன். சோதித்தும் பார்த்தேன். எனக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை வீட்டார், நகை போதாது என்று முறித்துக்கொண்டு போயிருந்த நேரம். நிச்சயதார்த்த போட்டோக்களை ஒரு காக்கிக் கவரில் போட்டு, வாயை ஒட்டாமல் மடித்து, மடிப்புக்குள் என் தலைமுடி ஒன்றை வைத்து, "பத்திரமா வச்சிரு, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து வாங்கினேன். முடி வைத்த இடத்திலேயே இருந்தது. அன்றைக்கு அழுதேன். அவள் திறந்து பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு என்னிடம் வந்து ஏதாவது கேட்க வேண்டும் என்றுதான் கொடுத்தேன் போலிருக்கிறது. கவரை நீட்டும்போது என் முகத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். வேறொன்றும் கேட்கவில்லை.

எங்கள் ஊர் மெயின்ரோட்டுப் பாலத்துக்கடியில் வீடு வாசல் இல்லாமல் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நாங்கள் பஸ் ஏறுகிற இடம் அதுதான். தினமும் பார்ப்போம், தினமும் தாண்டிப் போவோம். அவர்களுக்கு முதலில் நல்லது செய்தவள் நான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் யாருக்கும் ஞாபகமில்லை. என் பிறந்தநாளுக்கு இருபத்தைந்து லெமன் சாதப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். அங்கே இருந்த ஒரு பெரியவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நேத்தும் இதாம்மா" என்றார். அவ்வளவுதான் என் புகழ்.

அந்தப் பெரியவரிடமிருந்துதான் அவளுடைய காரியம் தொடங்கியது. எங்கள் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்று கான்ட்ராக்டரின் ஆள் பாலத்தடிக்கு வந்தான். பெரியவர் எழுந்தார். அவரிடம் ஓர் உரச்சாக்கு மூட்டை, வாயை நைலான் கயிற்றால் முடிந்திருப்பார். மூட்டையோடு கேட்டுக்குள் விடமாட்டார்கள் என்றான் அவன். மூட்டையை இங்கே விட்டால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார் இவர். "அப்போ மூட்டையயே கட்டிக்கினு அழு" என்று அவன் வேறு ஆளைப் பார்க்கப் போனான்.

நாங்கள் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் இறங்கியிருந்தோம். அவள் நேரே போய், "நான் வச்சிக்கிடுதேன் ஐயா. நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாரு?"

"அந்தக் கம்பெனியிலதான் வேல பாக்கேன். எங்களையும் போனோட உள்ள விடமாட்டாவ. கேட்டுல வாங்கிக்கிட்டு டோக்கன் தருவாவ. சாயந்திரம் டோக்கனக் குடுத்தா போனத் தருவாவ. அது மாதிரி வச்சிக்கிடுவோம்."

கையிலிருந்த குளிர்பான பாட்டிலின் மூடியைக் கழற்றி, பேனாவால் ஒன்று என்று எழுதி அவரிடம் கொடுத்தாள். மூட்டையில் கட்ட இன்னொரு மூடிக்கு என் பாட்டிலைப் பிடுங்கினாள். பிறகு அந்தச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். பக்கத்தில் நடக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பத்தடி தள்ளியே வந்தேன்.

ஒரு மாதத்தில் மூட்டை பதினொன்று ஆகிவிட்டது. மூட்டையோடு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாது, கக்கூஸுக்குப் போக முடியாது, ஹோட்டலில் மாவரைக்கப் போக முடியாது என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரூமில் இடம் போதாமல் என் அம்மாவிடம் வந்து நின்றாள், வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. எங்கள் பழைய மோட்டார் ரூம் சும்மா கிடந்தது. நிலம் இருந்தபோது கட்டியது. அதைப் பியூட்டி பார்லருக்குக் கொடு என்று இரண்டு வருடமாக நான் அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"எட்த்துக்கோம்மா. வாடக கீடகன்னு பேசாதே" என்றாள் அம்மா.

அடுத்த வீட்டுக்காரிக்குப் பிள்ளை பிறந்தது என்று அம்மிக் குழவியை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டாளாம் ஒருத்தி. அவள் எந்த ஊர்க்காரி என்று யாராவது கேட்டால் மண்ணூர்ப் பக்கம் என்று தயங்காமல் சொல்லலாம்.

காலையில் பஸ்ஸுக்கு முன்னால் அரைமணி, சாயந்திரம் இரண்டு மணி நேரம் மோட்டார் ரூம் திறந்திருக்கும். மூட்டை கொண்டுவருகிறவர்களிடம் பெயர் கேட்கமாட்டாள், ஊர் கேட்கமாட்டாள். "உள்ள சோறு இருக்கா? எறும்பு வரும். தீப்பெட்டி இருக்கா?" இந்த இரண்டு கேள்விதான். இல்லையென்றால் மூடியைக் கட்டி அடுக்கிவிடுவாள். ஒருவர் பையில் என்னவோ கெட்டவாடை வந்தது. அதையும் திறக்காமல், ஜன்னல் ஓரமாக வைத்து ஊதுபத்தி கொளுத்தினாள். வீங்கின காலோடு இருந்த ஓர் அம்மா, மூட்டையைக் கொடுத்த முதல் நாள் இரண்டு கையையும் வீசி வீசி ரோட்டில் நடந்து காட்டினாள். "கை ரெண்டும் காலியா நடந்து எத்தினி நாளாச்சு" என்று சிரித்தாள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். ஆனால் அவள் சிரித்தது என்னைப் பார்த்து அல்ல.

எனக்கு அது பொறுக்கவில்லை. நான் கெட்டவள் இல்லை என்று இப்போதும் நம்புகிறேன். என்னிடம் யாரும் எதையும் கொடுத்து வைத்ததில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவள் ஊரில் அம்மன் கோவில் கொடைத் திருவிழா வந்தது. பத்து நாள் லீவு போட்டாள். மோட்டார் ரூம் சாவியை அம்மாவிடம் கொடுக்க, முட்டிவலியால் அம்மா என்னைக் கைகாட்டினாள். அவள் கொஞ்சம் யோசித்தாள். அந்த யோசனையை நான் கவனித்தேன்.

"தொறந்து வாங்கி வையி. டோக்கனப் பாத்துக் குடு. அம்புட்டுதான் வேல" என்றாள்.

"எனக்குச் சொல்றியா?" என்றேன்.

எங்கள் லைனில் நான்தான் ஃபைவ் எஸ் லீடர். அப்படியென்றால், எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்க வேண்டும், பெயர் ஒட்டியிருக்க வேண்டும். பெயர் இல்லாத பொருளுக்குச் சிவப்பு டேக். யாரும் கேட்காவிட்டால் ஸ்கிராப். இதில் என்னை அடிக்க ஆளில்லை, பிரஷர் குக்கர் பரிசு வாங்கியிருக்கிறேன். மோட்டார் ரூமில் தனியாக நின்று அந்த அழுக்கு மூட்டைகளைப் பார்த்ததும் கை பரபரத்தது. இவள் ஒரு வருடமாகச் செய்யாததை நான் ஒரே நாளில் செய்து காட்டுகிறேன் என்று தோன்றியது.

ஓவர்டைம் பணத்தில் பதினொரு நீலப்பை வாங்கினேன், ஜிப் வைத்தது. வார லீவு நாளன்று ஆட்கள் வெளியே போயிருந்த நேரம், எல்லா மூட்டையையும் அவிழ்த்தேன். துணிகளைத் துவைத்து மடித்தேன். காய்ந்த ரொட்டி, காலி மாத்திரை அட்டை, கயிற்றுத் துண்டு, கசங்கிய தாள் என்று குப்பையை ஒரு பக்கம் ஒதுக்கினேன். அன்று வந்த பழைய சாமான்காரனிடம் சாக்கு முதற்கொண்டு அள்ளிக் கொடுத்தேன். சாயந்திரம் ஒவ்வொருவர் பெயராகக் கேட்டு எழுதி ஒட்டினேன். பதினொரு நீலப்பை வரிசையாக நின்றது கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. வீங்கின கால் அம்மா துணியை முகர்ந்து பார்த்து, "சோப்பு வாசன" என்று மகிழ்ந்தாள். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். சூப்பர்வைசர்கூட இதயம் போட்டார்.

பெரியவர் கடைசியாக வந்தார். பையை வாங்கிக் கையை உள்ளே விட்டார். துழாவினார். எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி துழாவினார்.

"தாளு எங்க?"

"இன்னா தாளு?"

"பீடிக்கட்டு மேல சுத்தியிருக்குமே, அந்தத் தாளு. ஏழெட்டு இருந்திச்சி."

"குப்பன்னு..." என்றேன்.

அவர் கத்தவில்லை. மோட்டார் ரூம் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நம்பருங்க எழுதி வச்சிருந்தேன்மா" என்று மட்டும் சொன்னார். எனக்குப் பயமாகிவிட்டது. அவருக்காகப் பாதி, அவள் வந்து கேட்பாளே என்று பாதி.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் மண்ணூர் காயலான் கடைக்கு ஓடினேன். நல்ல காலம், குப்பை இன்னும் லோடு போகவில்லை. இரண்டு மணி நேரம் முழங்கை வரை கிளறினேன். சாக்கு கிடைத்தது, கயிறு கிடைத்தது, தாள்களும் கிடைத்தன. பின்பக்கம் பென்சிலால் எண்கள். ஒன்றில் 'பெரிய பொண்ணு' என்று எழுதியிருந்தது.

அப்போதே அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கடை வாசலில் நின்றபடியே அந்த எண்ணுக்கு போன் போட்டேன்.

எடுத்தவளிடம் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரே அழுகை. "எங்கப்பாவா? உசுரோட கீறாரா? மூணு வருசமா தேடாத எடமில்லக்கா. குன்றத்தூர்லதான் கீறோம். எங்கன்னு சொல்லுங்க, நாளைக்கே வந்து கூட்டிக்கினு போறோம்" என்றாள். என்னை அக்கா என்றாள். நானும் அழுதுவிட்டேன். பாலம், பஸ் ஸ்டாப், எங்கள் வீடு, எல்லா அடையாளமும் சொன்னேன். வீட்டுக்கு நடந்து வரும்போது கால் தரையில் பாவவில்லை. அவள் ஒரு வருடம் மூட்டையைத்தான் காப்பாற்றினாள், நான் ஒரு குடும்பத்தையே சேர்த்து வைத்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன், லைன் பெண்களுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் வந்ததும் என்ன முகத்தோடு சொல்வது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

சாயந்திரம் பெரியவர் வந்தபோது தாள்களைக் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றாக நீவி நீவி அடுக்கினார். அந்த நேரத்தில்தான் சொன்னேன்: "உங்க பொண்ணாண்ட பேசிட்டேன் தாத்தா. குன்றத்தூர்ல கீறாங்களாமே. நாளைக்குக் காலையில வராங்க. மூணாம் நம்பர் ரூம் பொண்ணும் நாளைக்கு ஊர்லேர்ந்து வந்துடும்."

நீவிக்கொண்டிருந்த கை நின்றது. "அப்படியா" என்றார். தாள்களை மடித்துக்கொண்டே, "நல்லதும்மா" என்றார். பழைய சாக்கைக் கேட்டு வாங்கி, துணியையும் தாளையும் அதில் போட்டு, கயிற்றால் முடிந்தார். மூட்டையைத் தூக்கி என் கையில் வைத்தார். அதுவரை அவர் என்னிடம் மூட்டையைத் தரையில் வைத்துத் தள்ளித்தான் விடுவார். முதல்முறையாகக் கையில் கொடுத்தார்.

"வச்சிரும்மா" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பார்த்தாயா, என்னிடமும் கொடுக்கிறார்கள் என்று மனசுக்குள் அவளிடம் சொன்னேன்.

மறுநாள் விடிகாலை அவள் ஊரிலிருந்து வந்து இறங்கினாள். கையில் கருப்பட்டி, தோளில் பை. அதை இறக்கி வைக்கக்கூட விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். நீலப்பைகளை வாசலில் நின்றே பார்த்தாள். பெரியவர் கதையை முடித்ததும் கேட்டாள்.

"அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லிருப்பாரு!"

"அப்ப வேணாம்னுதானட்டி அர்த்தம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்குப் பொறாம. உன்னால முடியல, நான் பண்ணிட்டேன்" என்று கத்தினேன். அந்த வார்த்தையை நான் அவளைப் பார்த்துச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் தலை குனிகிறது.

அவள் பாலத்துக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அவர் படுக்கும் இடத்தில் அட்டை மட்டும் கிடந்தது. விடியுமுன்னே லாரி ஒன்றில் ஏறிப் போனதாகப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. குன்றத்தூருக்குப் போக வேண்டுமென்று நினைத்திருந்தால், அந்த மூன்று வருடத்தில் எந்த நாளும் அவர் நடந்தே போயிருக்கலாம்.

மகள் வந்தாள், கணவனோடு, ஆட்டோ பிடித்து. அவருக்குப் புதுவேட்டி, புதுச்சட்டை வாங்கி வந்திருந்தாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்ட், லாட்ஜ் வாசல், லாரி நிற்கும் இடம் என்று மத்தியானம் வரை தேடினோம். மகள் அழுததில் பொய்யில்லை. அவர் ஏன் போனார் என்று எனக்குத் தெரியாது. மகளுக்குத் தெரிந்திருந்தாலும் எங்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.

கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து மோட்டார் ரூம் வாசலில் நின்றாள். "அவர்தான் இல்லன்னு ஆயிடுச்சு. அவரு மூட்டையையாச்சும் குடுங்கக்கா" என்றாள்.

நான் நம்முடைய ஆளைப் பார்த்தேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "உங்கிட்டல்லா குடுத்துட்டுப் போயிருக்காரு. நீதான் சொல்லணும்" என்றாள்.

மகள் கண் என் மேல் இருந்தது. கொடுத்தால் என்ன? உள்ளே இருப்பது இரண்டு வேட்டி, ஒரு போர்வை, ஏழெட்டுத் தாள். எனக்கே தெரியும், துவைத்தவள் நான்தானே. ஆனாலும், "டோக்கன் இல்லாம தரமுடியாதும்மா" என்றேன். நல்ல மனசால் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். என் கையில் ஒருவர் கொடுத்த ஒரே பொருள் அது. அதை விட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண் என்னைச் சபித்துவிட்டு, புதுவேட்டியை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த வருடம் ஓசூரில் வேலை கிடைத்து, மூன்றாம் நம்பர் ரூமைக் காலி செய்துகொண்டு அவள் போய்விட்டாள். போகும்போது மோட்டார் ரூம் சாவியை வீங்கின கால் அம்மாவிடம் கொடுத்தாள், என்னிடம் இல்லை. நான் கேட்கவும் இல்லை. ரூமை இப்போதும் அந்த அம்மாதான் திறந்து மூடுகிறாள். நீலப்பைகள் பாதி கிழிந்து, மறுபடி சாக்குகள் வந்துவிட்டன.

பெரியவரின் மூட்டை மட்டும் என் ரூமில், எலிக்கு எட்டாமல் ஆணியில் தொங்குகிறது. நாலு வருடமாகிறது. "அவரு என்னை நம்பிக் குட்த்துட்டுப் போனது" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொள்கிறேன். உண்மை என்னவென்று எனக்குத் தெரியும். மறுநாள் அவள் கொடை முடிந்து வந்துவிடுவாள் என்பது அவருக்கும் தெரிந்ததுதான். திரும்பி வந்து வாங்கிக்கொள்ளும் எண்ணம் இருந்திருந்தால், அந்த ஒரு ராத்திரி பொறுத்திருந்து அதை அவளிடம்தான் கொடுத்திருப்பார்.